அத்தானின்ர பேரை வாசிச்ச நாள்

முதலே சொல்லிப்போடுறன், நாடகம் எண்டால் எனக்கு ஒரு ஆசையும் இருந்ததில்லை. தமிழ் ஆக்கள் சொல்லுறதை டொக்டருக்கு இங்கிலீசிலயும், டொக்டர் சொல்லுறதை அவைக்குத் தமிழிலயும் சொல்லுறதுதான் என்ர வேலை. இருபது வருசமா மற்ற ஆக்களின்ர வாயா இருந்து பிழைச்சனான். போன வருசம் கொம்பனிக்காரர் என்ர மணித்தியாலங்களைப் பாதியா வெட்டிப்போட்டாங்கள். பின்னேரங்களில லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில தனிய இருந்து சுவரைப் பாக்க எனக்கு விசர் பிடிச்சுது. அப்பதான் லைப்ரரியில அந்த நோட்டீசைக் கண்டனான். பழைய கிரேக்கத் திருவிழா ஒண்டைத் திரும்பச் செய்யப் போகினமாம், கோரஸுக்குப் பொம்பிளையள் தேவையாம், அனுபவம் தேவையில்லை, குரல் இருந்தாக் காணுமாம். குரலுக்கு என்னட்டை என்ன குறை?

போய்ப் பாத்தால், இடம் இல்ஃபோர்டில ஒரு கார் பார்க்கின்ர மேல்தட்டு. மழைத் தண்ணி தேங்கி நிக்குது, காத்து ஆளைத் தள்ளுது. நடத்துறவ ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை, யூனிவெசிற்றியில படிப்பிக்கிறவ. எங்களைச் சுத்தி இருத்திப்போட்டு விளங்கப்படுத்தினா. ரெண்டாயிரத்தைஞ்நூறு வருசத்துக்கு முதல் ஏதென்ஸ் நகரத்தில, வசந்தகாலம் வந்தவுடனை வைன் கடவுளுக்கு ஒரு திருவிழா எடுக்கிறவையாம். ஊர்வலம், ஆட்டம், பாட்டு, பிறகு நாள் கணக்கா நாடகம். அதை நாங்கள் இந்தக் காலத்து டான்ஸோட, ட்ரம்ஸோட, பெரிய ஸ்கிரீனோட செய்யப் போறமாம். நாங்கள் பதினைஞ்சு பொம்பிளையள் ஒரே மூச்சில கத்தவேணும், ஒரே காலில திரும்பவேணும். முதல் நாள் நான் எல்லாருக்கும் எதிர்ப்பக்கமாத் திரும்பினன். ஆனா கத்தினன் பாருங்கோ, கீழ ரோட்டில போன சனம் நிண்டு அண்ணாந்து பாத்தது. எனக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சு.

மூண்டாங் கிழமைதான் அவ, தகப்பன் இல்லாத பிள்ளையளின்ர ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னா. ஏதென்ஸில நாடகம் தொடங்க முதல், யுத்தத்தில தகப்பனை இழந்த பிள்ளையளை ஊரே கூடியிருக்கிற அரங்குக்குக் கொண்டு வருவினமாம். கட்டியக்காரன் ஒருத்தன் தகப்பன்ர பேரைச் சத்தமாச் சொல்லி, இவன்ர தகப்பன் சண்டையில செத்தவர், இவனை இந்த ஊர் வளத்தது எண்டு அறிவிப்பானாம். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கவசம் போட்டு முன்வரிசையில இருத்துவினமாம். இஞ்சை கவசத்துக்குப் பதிலா ஒரு புதுக் கோட். சோமாலியாக்காரி ஒருத்தியும், ஆப்கானிஸ்தான் பெடியன் ஒருத்தனும், பொஸ்னியாக்காரர் ஒருத்தரும் ஏற்கனவே ஓம் எண்டிட்டினம். "தமிழ் ஆக்களிலை ஆரும் இருக்கினமோ?" எண்டு என்னைப் பாத்துக் கேட்டா.

நான் யோசிக்கவே இல்லை, கையைத் தூக்கிப்போட்டன். "என்ர அக்காவின்ர மகன் என்னோடதான் இருக்கிறான்" எண்டன். உடனை ஒரு படிவம் தந்தா. தகப்பன்ர பேர் எண்ட இடத்தில அத்தானின்ர முழுப்பேரையும் பெரிய எழுத்தில எழுதிக் குடுத்தன்.

இப்ப அத்தானின்ர கதையைச் சொல்லவேணும். ஊரில சண்டை முடிஞ்ச கிழமை, இயக்கத்தில ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு ஆமி அறிவிச்சது. அத்தான் போகமாட்டன் எண்டு நிண்டவர். அக்காதான், ஒளிச்சுத் திரிஞ்சால் பிறகு கரைச்சல் எண்டு சொல்லி, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில ஏத்தினவ. மகனுக்கு அப்ப பதினொரு வயசு, தாயின்ர மற்றக் கையில அவன் நிண்டவன். அந்த பஸ் போனதுதான். அதுக்குப் பிறகு அத்தானைக் கண்டவை ஒருத்தரும் இல்லை.

அக்கா இண்டைக்கும் வன்னியிலதான் இருக்கிறா. ரோட்டுக் கரையில, காணாமல் போன பிள்ளையளைத் தேடுற தாய்மாரின்ர கொட்டில் ஒண்டு இருக்கு. அதில அத்தானின்ர படத்தோட வருசக்கணக்கா இருக்கிறா. மரணச் சேட்டிபிக்கற் தாறம் எண்டு வந்த அரசாங்க ஆக்களைத் துரத்தி விட்டவ. "நான் என்ர கையால குடுத்த மனுசன். உயிரோட குடுத்தனான்" எண்டதைத் தவிர வேற கதை அவவுக்கு இல்லை. கொட்டிலில இருந்து ஒவ்வொரு நாளும் மகனுக்குப் போன் எடுத்து, சாப்பிட்டியோ, அப்பாவுக்குச் செபம் சொன்னியோ எண்டு கேப்பா. அவனும் ஓம் அம்மா, ஓம் அம்மா எண்டு சொல்லுவான்.

எனக்கு அது கண்ணில காட்டக்கூடாது. உண்மையைச் சொல்லுறன், அத்தான் செத்திட்டார் எண்டு எனக்கு முதல் வருசமே விளங்கியிட்டுது. ஒருக்கா ஓவெண்டு கத்தி அழுது முடிச்சால் அக்காவும் மனுசியா இருப்பா, பெடியனும் ஒரு கலியாணத்தைக் கட்டுவான் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். அக்காவின்ர முகத்துக்கு நேர அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. அதாலதான் கார் பார்க்கில சொன்னனான்.

பெடியனுக்கு இப்ப இருபத்தெட்டு. பாண் பக்டரியில விடிய ஷிப்ட், பின்னேரம் வந்து என்ர பின்னறையில படுத்திருப்பான். கதை குறைவு. விசயத்தைச் சொன்னவுடனை எழும்பி இருந்தான்.

"அம்மாக்குத் தெரிஞ்சால், சின்னம்மா?"

"அம்மாக்கு எப்பிடியடா தெரியும்? இது இல்ஃபோர்ட் கார் பார்க். பிபிசியே வரப்போகுது?"

போர்வையை மடிச்சுக் கால்மாட்டில வைச்சான். பிறகு, "அப்பான்ர பேரை உண்மையாச் சத்தமாச் சொல்லுவினமோ?" எண்டு கேட்டான்.

கட்டியக்காரரா வந்தவர் ஒரு சைப்பிரஸ்காரர். கிரேக்கம் கதைக்கிற மனுசன், எழுபது வயசு தாண்டியிருக்கும், முந்தி ட்ரை கிளீனிங் கடை வைச்சிருந்தவராம். ஒத்திகையில அத்தானின்ர பேரைச் சரியாச் சொல்லவேணும் எண்டு என்னைப் பத்துத் தரம் சொல்லச் சொல்லிப் பழகினார். முதல் தரம் அந்தப் பேர் அந்தத் திறந்த வெளியில கேட்டபோது பெடியன் அப்பிடியே நிண்டிட்டான். "இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ சின்னம்மா" எண்டான். அவர் இன்னொருக்காச் சொன்னார். இஞ்சை வந்த நாள் தொட்டு அகதிக் கேஸ் பேப்பரில மட்டுந்தான் அந்தப் பிள்ளை அந்தப் பேரைக் கண்டிருக்கிறான்.

தேத்தண்ணி நேரம் அந்த மனுசன் எனக்குப் பக்கத்தில வந்து இருந்தார். அவரின்ர தமையனும் சைப்பிரஸ் சண்டையில காணாமல் போனவராம். தாய் முப்பது வருசத்துக்கு மேல மேசையில அவருக்கு ஒரு கோப்பை வைச்சவவாம். ஒரு நாள் சின்னப் பெட்டியில எலும்பு வந்த பிறகுதான் அந்த மனுசி அழுததாம். அதுவரைக்கும் வீட்டில ஒருத்தரும் செத்தவன் எண்ட சொல்லை வாயில எடுக்கேல்லையாம்.

"உங்கட அக்காவைக் கேட்டனீங்களோ?" எண்டார்.

எனக்குச் சுள்ளெண்டு ஏறியிட்டுது. அது எங்கட வீட்டு விசயம், நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ எண்டு மூஞ்சையில அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டன். அவர் சரி எண்டு தலையாட்டிப்போட்டு, தேத்தண்ணிக் கப்பையும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அந்த மனுசன் சொன்னது சரியெண்டு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் கத்தினனான்.

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. மழை இல்லை. முந்நூறு சனம் வந்திருக்கும். பெடியள் ட்ரம்ஸ் அடிக்க, டான்ஸ்காரர் உருண்டு பிரண்டு ஆட, நாங்கள் பதினைஞ்சு பேரும் கத்திக்கொண்டு வந்து வட்டமா நிண்டம். பிறகு எல்லாச் சத்தத்தையும் நிப்பாட்டினாங்கள். ஒவ்வொருத்தரா நாலு பேரும் வந்தினம், கடைசி எங்கட பெடியன். "இவருடைய தகப்பன் யுத்தத்தில இறந்தவர்" எண்டு கட்டியக்காரர் சொல்லிப்போட்டு அத்தானின்ர பேரைச் சொன்னார். ஒரு பிழையில்லை. கறுத்தக் கோட்டைப் போட்டு விட்டிச்சினம். பெடியன் நிமிந்து நடந்து போய் முன்வரிசையில இருந்தான். முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கேல்லை, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். அந்தப் பத்து நிமிசம் நான் ஒரு நல்ல காரியம் செய்து முடிச்சவள் எண்டுதான் நினைச்சனான்.

எங்கடை சனத்துக்குக் கையில போன் இருந்தாக் காணுமே. கிங்ஸ்பரியில இருந்து வந்த ஒருத்தர் வீடியோ எடுத்து, லண்டனில வெள்ளையள் எங்கட மாவீரனுக்குக் குடுத்த மரியாதை எண்டு எழுதி எங்கட சேர்ச் பங்குச் சனத்தின்ர வாட்ஸப்பில போட்டிட்டார். அத்தானைத் தெரியாத மனுசன். ஞாயிறு பூசை முடிஞ்சு வர எனக்கே நாலு பேர் அனுப்பியிருந்தினம். திங்கக்கிழமை அது கொட்டிலுக்குப் போயிட்டுது.

அண்டைக்கு அக்கா போன் எடுக்கேல்லை. அடுத்த நாளும் இல்லை. பெடியன் ஷிப்டில இருந்து வந்து அடிச்சு அடிச்சுப் பாத்தான், மணி போகுது, எடுக்கிறா இல்லை. வியாழக்கிழமை கொட்டிலில இருக்கிற இன்னொரு தாய்க்கு எடுத்தம். அவதான் நடந்ததைச் சொன்னா. வீடியோவை அக்கா நாலு தரம் போட்டுப் பாத்தவவாம். பக்கத்தில இருந்த ஒருத்தி, "உன்ர பிள்ளையே தகப்பன் செத்திட்டார் எண்டு ஊரறியச் சொல்லிப்போட்டான், நாளைக்கு எங்களையும் அப்பிடிச் சொல்லச் சொல்லித்தான் கேப்பாங்கள், பிறகேன் நீ இஞ்சை இருக்கிறாய்?" எண்டு கேட்டாளாம். அக்கா வரிசையில இருந்த படத்தைக் கழட்டி, துவாயில சுத்திக்கொண்டு, பஸ்ஸுக்கும் நிக்காமல் நடந்தே வீட்டை போயிட்டாவாம்.

சொந்தக்காரர் எல்லாருக்கும் சந்தோசம். அப்பாடா, இனியெண்டாலும் வெயிலில காயாமல் வீட்டோட இருக்கட்டும் எண்டிச்சினம். கனடாவில இருக்கிற தம்பி எனக்குப் போன் எடுத்து நன்றி சொன்னான். நான் போனை வைச்சிட்டன்.

பெடியன் என்னைப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அவன் அடுப்படி வாசலில நிண்டு, "உங்கட பிழையில்லை சின்னம்மா. எனக்கு அது கேக்கவேணும் போல இருந்தது. நான்தானே ஓம் எண்டனான்" எண்டான். நான் கோப்பை கழுவுற தொட்டியைப் பிடிச்சுக்கொண்டு அழுதன்.

ரெண்டு கிழமை கழிச்சு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்காவே எடுத்தா. பெடியன் எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ஸ்பீக்கரில போட்டன். அழுவா, கத்துவா, உன்னை நான் பெத்த பிள்ளை மாதிரி வளத்தனே எண்டு கேப்பா எண்டு எல்லாத்துக்கும் ஆயத்தமா இருந்தனான். குரலில ஒண்டுமில்லை.

"சுகமா இருக்கிறியளோ ரெண்டு பேரும்?"

"ஓம் அக்கா. அக்கா, நான் உங்களைக் கேக்காமல்..."

"அதை விடு. நான் இப்ப கோயிலுக்கு வந்து நிக்கிறன். அவருக்குப் பூசை ஒப்புக்குடுக்கவேணும். செத்த ஆக்களின்ர பூசை. இவ்வளவு வருசமா நான் குடுக்கேல்லை."

பெடியன் கையைக் கழுவாமலே எழும்பி நிண்டான்.

"சுவாமியார் கொப்பியில பதியிறதுக்குச் செத்த திகதி கேக்கிறார். எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸில ஏத்தின திகதிதான் எனக்குத் தெரியும். அதைக் குடுக்க எனக்கு ஏலாது, அது நான் குடுத்த நாள். நீங்கள்தானே அவர் செத்தவர் எண்டு வாசிச்சனீங்கள்."

இருபது வருசமா ஆர் என்ன கேட்டாலும் ரெண்டு பாசையில மறுமொழி சொன்ன வாய் இது. பெடியனைப் பாத்தன், அவன் போனைப் பாத்தான்.

"கேக்குதோ?" எண்டு அக்கா கேட்டா. "எண்டைக்குச் செத்தவர் எண்டு சொல்லு பிள்ளை. பேனை கையில இருக்கு."