ஓவியரின் காலி அறை

மும்பை மாட்டுங்காவில் ஓர் ஓவியரின் வீட்டை அறுபதுகளில் இருந்தபடியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இன்று மனைவியோடு போயிருந்தேன். ஓவியரின் மகள் சுற்றிக்காட்டினார்.

வெள்ளைச் சுவர். ஒரு பாய், ஒரு மைப்புட்டி, ஒற்றைக் கோடு வரைந்த தாள். வேறு எதுவுமே இல்லை.

“என்ன எளிமை!” என்றேன் நான். மனைவிக்கோ ஒரு சந்தேகம்.

“இந்த ஆத்துல அஞ்சு பேர் இருந்தோம்ங்கறேள். அண்டா, ட்ரங்க் பெட்டி, படுக்கையெல்லாம் எங்க வெச்சிருந்தேள்?”

மகள் சிரித்துவிட்டார்.

“அப்பாவுக்கு எதுவும் கண்ணுல படப்படாது. அம்மா எல்லாத்தையும் பக்கத்தாத்து மாமியோட கட்டிலுக்கடியில தள்ளிடுவா. எங்க கொலு பொம்மை இன்னும் அங்கதான் இருக்கு.”

வெளியே வந்தோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை.

மினிமலிசம் என்கிற அந்த எளிமையின் மறுபாதி அது. அதை மட்டும் யாரும் பார்க்க வருவதில்லை.

உங்கள் சாமான் யார் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கிறது?