மாமா தொலைத்த கன்று

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் மாமாவின் கன்றுக்குட்டி காணாமல் போனது. அவரிடம் ஒரு கன்றுக்குட்டி இருந்த விஷயமே அது காணாமல் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய வாரம் எஸ்டேட் ஆசுபத்திரி சிஸ்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லார் விரலிலும் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போனார். மற்ற பிள்ளைகளை அதோடு விட்டுவிட்டார். என்னை மட்டும் மறுநாள் வெறும் வயிற்றோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். வகுப்பிலேயே என் ஒருத்தியைத்தான் கூப்பிட்டார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

"இப்போ சுகக்கேடு ஒண்ணும் இல்ல. சர்க்கரை கொஞ்சம் கூடுதலா நிக்குது, அவ்வளவுதான். அப்பாவுக்கும் இருக்குல்ல, அதான் பார்த்துக்கணும். இனிப்பைக் குறைச்சு நல்லா ஓடியாட விடுங்க, சரியாகிடும்" என்றார் சிஸ்டர் மறுநாள் அம்மாவிடம். அம்மா காதில் 'அப்பாவுக்கும்' என்பதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். காலில் வந்த ஒரு சின்னப் புண் சர்க்கரையால் ஆறாமல் போய், முந்தைய வருஷம் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். அதன் பிறகு ஏற்ற இறக்கத்தில் அவரால் நடக்க முடியாது. வாசலில் முக்காலி போட்டு அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

நானோ கொழுகொழுவென்று இருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் ஒரு கையில் சாயா, மறு கையில் கிரீம் பிஸ்கெட், எதிரே டிவி. எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். எந்த வாசலில் போய் நின்றாலும் ஒரு கிளாஸ் சாயா கிடைக்கும். பிள்ளைகளுக்கென்றால் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். பிரியத்தைக் காட்ட எங்கள் ஆட்களுக்கு வேறு வழி தெரியாது.

அம்மா பிஸ்கெட்டை ஒளித்து வைத்தாள். நான் தரையில் புரண்டு அழுதேன். விளையாடப் போடி என்று வெளியே தள்ளினாள். நான் நேராகப் பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு வாயும் கையும் ஓய்ந்துபோன நேரத்தில்தான் அவள் தம்பி, தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை முடித்து, எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனிலிருந்து வந்து சேர்ந்தார். கையில் ஒரு கயிறு, முகத்தில் பெரும் சோகம்.

"மோசம் போயிட்டேன் பாப்பா. மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து ஆசையா வாங்கியாந்த கன்னு, ஓடிப்போச்சு. செவலை, நெத்தியில வெள்ளைப் பொட்டு. எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. நீ கூட வந்தாத்தான் புடிக்க முடியும்."

கண் தெரியாத மாமா மேல் எனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. அன்று முதல் தினமும் மாலையில் தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி, ஓடை வரை போய், யானை இறங்கும் நேரத்துக்கு முன்னால் திரும்புவோம். கன்று தேடுவதற்கு மாமா ஒரு சட்டம் வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தால் கன்று மிரண்டுவிடும்; அதனால் பிஸ்கெட் கூடாது. அவர் சட்டைப்பையில் கொய்யாக்காயும் அவித்த கடலையும்தான் இருக்கும். முதலில் பாதி ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. போகப் போக மாமாதான் பின்னால் நின்று என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. நான் கன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. செவலை, நெற்றியில் பொட்டு, எல்லாம் சரி. மாமா வாயைத் திறப்பதற்குள் கயிற்றை அதன் கழுத்தில் மாட்டி லயத்துக்கே இழுத்து வந்துவிட்டேன். பின்னாலேயே மேட்டு லயத்து அத்தை புல்லறுக்கிற அரிவாளோடு ஓடி வந்தாள்.

"எவ எங் கன்னை அவுத்துட்டு வந்தது?"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தையைக் குழாயடிக்குத் தனியாகக் கூட்டிப் போய் என்னவோ குசுகுசுத்தார். அத்தை திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முக்காலியில் இருந்த அப்பாவின் காலைப் பார்த்தாள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இது எங் கன்னுடி தங்கம். உங்க மாமா கன்னும் அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். நேத்துகூடப் பார்த்தேனே, பெரிய பாறைக்கு மேல நின்னுச்சு."

மாமா நொந்துபோனார். பெரிய பாறைக்கு ஓடைக்குப் போவதைப் போல இரண்டு மடங்கு ஏற்றம்.

அதன் பிறகு எஸ்டேட்டில் அந்தக் கன்றைப் பார்க்காதவர்களே இல்லை. கொழுந்து கிள்ளுகிற அக்காமார் கூடையோடு நிமிர்ந்து, "இப்பத்தான் அந்த வளைவுல திரும்புச்சு, ஓடு ஓடு" என்று கை காட்டுவார்கள். இன்னோர் அதிசயமும் நடந்தது. அத்தை வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டிலும் தீர்ந்துபோயிருந்தது. ஒரே வாரத்தில் லயம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. எல்லாரும் முகம் சுளித்துக்கொண்டு பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன் சாயா குடித்தார்கள், நானும் குடித்தேன்.

எனக்குப் புரியாமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான். நாங்கள் திரும்பி வரும்வரை பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். "கன்னு கெடைச்சுதா தாயி?" என்பார். "இல்லப்பா" என்று நான் சோர்ந்துபோய்ச் சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஒருவருடைய கன்று தொலைந்ததற்கு இப்படியா சந்தோஷப்படுவது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளி விடுமுறை முடிந்து மறுபடி சிஸ்டரிடம் போனோம். விரலில் குத்திப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். குத்து வாங்கியது நான், அழுவது அம்மாவா என்று நினைத்தேன்.

அன்று மாலையும் மாமா கயிற்றோடு வந்தார். அன்றும் பெரிய பாறை வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினோம். அப்பா வழக்கம்போலக் கேட்டார். "இன்னைக்கும் கெடைக்கலப்பா" என்றேன். அவர் என்னை இழுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். என் தலைமுடி நனைந்தது.

"கெடைக்கவே வேண்டாம் தாயி. நீ தேடிக்கிட்டே இரு."

மாமாவின் கன்று அப்பாவுக்கு அப்படி என்ன கெடுதல் செய்தது என்று அன்று முழுக்க யோசித்தேன். பாவம், வாயில்லா ஜீவன்.