முழங்காலில் தேய்ந்த பொன்னாடை

மந்தைவெளியில் என் வீட்டு அலமாரியில் ஒரு பொன்னாடை இருக்கிறது. கருஞ்சிவப்பு, மலிவான சரிகை. நடுவில் மட்டும் உள்ளங்கையளவுக்குச் சரிகை முற்றிலும் தேய்ந்து நூல் தெரிகிறது. என் தம்பியின் வலது முழங்கால் பட்டுத் தேய்ந்த இடம் அது. சென்ற ஐப்பசியில் அவன் இறந்தான்.

தம்பி இளவயதில் ஓர் அலுவலகக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த குமாஸ்தா வேலை. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பிறகு மைதானம். கூட்டத்தின் தலைகளுக்கு மேல் எழும்பி, இரு கைகளாலும் பந்தைப் பறித்துக்கொண்டுதான் இறங்குவான். மெல்போர்னிலிருந்து வந்து இங்கே முகாம் நடத்திய பயிற்சியாளர் ஒருவர் அந்த எழும்பலைப் பார்த்தார். நீள்வட்டப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற அவர்கள் நாட்டுக் கால்பந்தில், அப்படி எழும்புகிறவனுக்காக அரங்கமே எழுந்து நிற்குமாம். ஒரு பருவம் வந்து ஆடிப் பார்க்கும்படி கடிதம் அனுப்பினார். “முட்டை மாதிரி பந்துண்ணா. எங்க குத்தி எங்க எகிறும்னு அதுக்கே தெரியாது” என்று தம்பி சிரித்தான். அவனை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்தது அதுவே கடைசி.

போவதற்கு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். கையெழுத்திட வேண்டியவர் விளையாட்டுச் செயலாளர். பந்தைக் காலால் தொட்டறியாதவர். கோப்பையோடு எடுத்த எல்லாப் படங்களிலும் நடுவில் நிற்பவர். “ஃபைனல் முடியட்டும் நைனா, சைன் போட்டுடறேன். மெல்போர்ன் எங்கயும் ஓடிடாது” என்றார். தம்பியின் முழங்கால் அப்போதே வீங்கியிருந்தது. ஆடலாமா என்று என்னிடம் கேட்டான். நான் பேராசிரியன், அவனுடைய விண்ணப்பத்தைப் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன். மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ளாதே, ஓர் ஆட்டம்தானே என்றேன். என் படிப்பு அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது.

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு ஃபைனலில் இறக்கினார்கள். இரண்டாம் பாதியில் எழும்பியவன் இறங்கியபோது கால் மடங்கக் கூடாத திசையில் மடங்கியது. கோப்பை வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் செயலாளர் வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்தவனுக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தி, கையெழுத்திட்ட சான்றையும் கொடுத்தார். தாம் வாக்குத் தவறாதவர் என்று தாமே சொல்லிக்கொண்டார். புகைப்படக்காரரையும் அழைத்து வந்திருந்தார்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை தம்பி தபால் பிரிவில் உறைகளுக்கு முத்திரை குத்தினான். மழைக்காலங்களில் பொன்னாடையை முழங்காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “சரிகை குத்துது. ஆனா சூடா கீதுண்ணா. அந்தாளு போட்ட கையெழுத்துக்கு இது எவ்வளவோ மேல்.” என்னை அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

சாவுக்கும் அந்தச் செயலாளர் தள்ளாத வயதில் வந்தார். கண்ணாடிப் பெட்டியின்மேல் புதிய பொன்னாடை ஒன்றை விரித்துவிட்டு, “சாம்பியன் சார் இவன். நாங்க உருவாக்குன பையன்” என்று என்னிடம் கூறினார். பிறகு சுற்றிலும் பார்த்தார். யாராவது படம் எடுக்கிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். அந்தப் பொன்னாடையை எடுத்து, கடையிலிருந்து வந்த மடிப்பிலேயே மடித்து, அவர் கையில் கொடுத்தேன். “இவன்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு சார். அதுவே இன்னும் கிழியல” என்றேன்.

இன்று வெளியே மழை. எனக்கும் முழங்கால் வலிக்கிற வயதுதான். ஆனால் தம்பியின் பொன்னாடையைச் சுற்றிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அலமாரியைத் திறந்து, தேய்ந்த இடத்தில் மட்டும் கையை வைத்துப் பார்க்கிறேன். அங்கே சரிகை குத்துவதில்லை.