இராமேஸ்வரத்துக்கு எழுதிய கடிதம்

அந்தப் பழைய அறிவியல் தொடரை நேற்றும் கைபேசியில் பார்த்தேன். அதில் பேசும் வெள்ளைக்காரக் கிழவருக்கு ஒரு வயதும் கூடவில்லை. எனக்குத்தான் அப்பாவின் வயதாகிவிட்டது.

தலைமன்னாரில், அன்ரெனாக் கம்பை இராமேஸ்வரத்துப் பக்கம் திருப்பினால்தான் இந்தியத் தொலைக்காட்சி தெரியும். ஞாயிறு எங்களவர்கள் கடலுக்குப் போகாத நாள். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அப்பா கம்பைத் திருப்புவார். நான் உள்ளேயிருந்து "தெரியுது, தெரியுது" என்று கத்துவேன். கிழவர் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவார். ஆங்கிலம் எங்களுக்கு அரைகுறையாகக்கூட வராது. ஆனாலும் அப்பா வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்.

"உந்த மனுசனுக்குத் தெரியாதது ஒண்டுமில்லை" என்பார்.

கம்பு பார்க்கும் திசையில்தான் கிழவரின் வீடும் இருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

எனக்கு எட்டு வயதில், காற்று கடுமையாக அடித்த ஒரு நாள், அப்பாவின் வள்ளம் திரும்பவில்லை. அள்ளுண்ட வள்ளங்கள் சில வேளை இந்தியக் கரையில் ஒதுங்குவதுண்டு. ஊரார் அதைச் சொல்லித்தான் அம்மாவைத் தேற்றினார்கள். என் மூளையும் சும்மா இருக்கவில்லை. எல்லாம் தெரிந்தவர் அங்கேயே இருக்கிறார், கேட்டால் போகிறது.

கொப்பித் தாளில் எழுதினேன்: "ஐயா, எங்கட அப்பா உங்கட கரைக்கு வந்தவரோ? நீல வள்ளம். ஞாயிற்றுக்கிழமை ரீவியில சொல்லுங்கோ."

ஆங்கிலம் படிப்பிக்கும் மாமாவிடம் அதைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தபாலில போடுறன்" என்றார்.

பிறகு ஞாயிறுதோறும் கம்பை நானே திருப்பினேன். கிழவர் திமிங்கிலத்தைப் பற்றிச் சொன்னார், எரிமலையைப் பற்றிச் சொன்னார். அப்பாவைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அதுவரை அந்தத் தொடரை எட்டியும் பார்க்காத அம்மா, இப்போது அவர் குரல் கேட்டதும் அடுப்பை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். அம்மாவும் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தாள் பொய்யன், இனிப் பாக்க வேண்டாம்" என்று பெட்டியை நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. அவர் செத்துக் கன வருசமாம், மாமா சொன்னவர். எண்டாலும் பார், ஞாயிறு தவறாம வாறார்."

அப்படியென்றால் என் கடிதத்தை யார் வாசிப்பார்கள் என்று நான் அழுதேன். அம்மா அழவில்லை, கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கலியாணப் படம் நாங்கள் போரில் இடம்பெயர்ந்தபோதே தொலைந்துவிட்டது. அடையாள அட்டையில் இருந்த படம் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டது. செத்துப்போன ஒருவர் வாராவாரம் வந்து பேசுவதை அம்மா ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.