ஓடும் நோடிடம் கேட்காத கேள்வி

பதுளையில் இருந்த எங்கள் அலுவலகம் நான்கு தேயிலைத் தொழிற்சாலைகளின் பதிவுகளைப் பிளாக்செயின் என்ற பொதுக் கணினிப் பேரேட்டில் ஏற்றி வந்தது. எந்த மலையின் கொழுந்து எப்போது வந்தது என்பதே அந்தப் பதிவு. தாளில் எழுதுவதை நிறுத்தியிருந்தோம். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒரு கணினி அந்தப் பேரேட்டின் நோடாக, அதாவது கண்ணியாக, இயங்கியது. நான்கிலும் மென்பொருளின் ஒரே வெர்ஷன் ஓடினால்தான் பதிவுகள் சேரும். அதைச் சரிபார்ப்பது என் வேலை.

புதிய வெர்ஷனுக்கு மாறும் வாரத்தில் பசறைக்கு மேலே உள்ள தொழிற்சாலைக்குப் போனேன். புதிய மென்பொருள் கோப்பை ஏற்றி முடித்து, அது ஓடத் தொடங்க ரீஸ்டார்ட் செய்யப் போனபோது கிளார்க் பரமேஸ்வரி தடுத்தார்.

"ஐயா, இப்ப ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க. கொழுந்து வந்துக்கிட்டு இருக்கு. கம்ப்யூட்டர் நின்னுச்சுன்னா கொழுந்து கொண்டுவர்ற பொம்பளைங்க என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க."

கீழே பஸ் ஹார்ன் அடித்தது. வெர்ஷன் கேட்கும் கட்டளையை அடித்தேன். புதிய எண் வந்தது. படிவத்தில் 'சரி' என்று எழுதி, கையெழுத்திட்டு ஓடினேன். அந்த எண் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கோப்பினுடையது. ஓடிக்கொண்டிருந்தது பழைய வெர்ஷன். அது எனக்குத் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, மறந்தும் போனேன்.

மற்ற நோடுகள் புதிய வெர்ஷனின் விதிக்கு மாறிய நான்காம் நாள் அந்தத் தொழிற்சாலை மேனேஜர் போன் செய்தார். முதலில் அவர் பரமேஸ்வரியைத் திட்டுவதுதான் கேட்டது.

"நாலு நாளாப் பதிவு ஒண்ணும் சேரல. என்னம்மா டைப் பண்ணின, லவ் லெட்டரா?"

"எல்லாம் போட்டேன் சார்! ஸ்கிரீன்ல இருக்கு, வந்து பாருங்க!"

பிறகு என்னிடம், "உங்க பக்கம் ஏதும் கோளாறுங்களா?" என்றார்.

பதுளையிலிருந்தே ஓடும் நோடிடம் வெர்ஷன் கேட்டேன். பழைய எண் வந்தது. பரமேஸ்வரி போட்ட பதிவுகள் பேரேட்டில் சேராமல் அதன் நினைவகத்தில் காத்து நின்றன. ரீஸ்டார்ட் செய்தால் புதிய வெர்ஷன் ஓடும், அந்தப் பதிவுகளும் என் தவறின் தடயமும் அழிந்துவிடும் என்று அறிவேன். செய்தேன்.

"எங்க பக்கம் எல்லாம் சரிங்க" என்றேன் மேனேஜரிடம்.

பதிவே போடவில்லை என்று சொல்லி, பரமேஸ்வரியை ஆபீஸிலிருந்து எடுத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அனுப்பினார்கள்.

மூன்று வருடம் கழித்து ஓய்வு பெற்றேன். நடந்ததை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மடுவத்துக்குப் போய்ப் பரமேஸ்வரியிடமும் சொன்னேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்கிரீன்ல இருந்தது கண்ணு முன்னாலேயே காணாமப் போச்சுங்க ஐயா. போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு." அடுத்த கூடையைத் தராசில் ஏற்றியபடி, "தள்ளி நில்லுங்க. தராசு மறைக்குது" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெர்ஷனைக் கோப்பிடம் கேட்காதீர்கள்; ஓடும் நோடிடம் கேளுங்கள். வரும் பதில் உங்கள் தவறைக் காட்டினால், ரீஸ்டார்ட் செய்யும் முன் இன்னொருவரைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள்.