வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்

என் தங்கை மாப்பிள்ளை முனியசாமி மறைந்த செய்தி வந்தபோது நான் வண்டியிலிருந்து பனைமட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட மட்டைதான். கச்சான் காற்று எங்கள் இருவருக்கும் பொதுவான வேலியைச் சாய்த்திருந்தது. நெஞ்சுவலி என்று இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மனிதர், காரில் ஏறும்போதுகூட வேலியை நோக்கித்தான் கையை நீட்டினார். "மச்சான், மட்டைய மட்டும் வாங்கிப் போடுங்க. நான் வந்து அங்கிட்டு நின்னு ஊசி வாங்குறேன். தனியாத் தொட்டுக் கெடுத்துறாதீக." பிறகு அவர் மகள் போனில், "மாமா, அய்யா போயிட்டாக" என்றாள். கையில் இருந்த மட்டையைக் கீழே போட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பால் சொசைட்டியில் அவரோடு வரிசையில் நின்று, அவர் பெருமைகளைக் காது வலிக்கக் கேட்ட உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாலிநோக்கம் போகிற சாலையில் எங்கள் அய்யா விட்டுப்போன நிலத்தில் பாதி எனக்கு, பாதி என் தங்கை பஞ்சவர்ணத்துக்கு. தங்கையின் பாதியில் ஒரு மாட்டுப்பண்ணை. அதன் அதிபர், தலைமைப் பொறியாளர், கட்டடக் கலைஞர், வேலிப்படைத் தளபதி எல்லாமே அவள் கணவர் முனியசாமிதான். பண்ணை என்றால், செவலை என்ற பசுவும் அவள் வம்சாவளியும். ஆனால் அவர் பேசினால் சமஸ்தானத்து யானைக் கொட்டாரத்தைக் கட்டி ஆள்பவர் என்றே கேட்பவர்கள் நினைப்பார்கள்.

எங்கள் ஊர்க் காற்றைத் தெரியாதவர்கள் ஏன் முள்கம்பி போடவில்லை என்று கேட்கலாம். இங்கே கடையில் வாங்கிய கம்பி வீடு வந்து சேர்வதற்குள் துருப்பிடித்துவிடும். ஆணியின் தலையில் அடிக்கச் சுத்தியலை ஓங்கினால், அது இறங்குவதற்குள் ஆணி உதிர்ந்திருக்கும். நான் சற்றும் மிகைப்படுத்தவில்லை. ஆகவே பனைமட்டை வேலிதான். அதை ஒற்றை ஆள் கட்ட முடியாது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். கயிறு கோத்த முழநீள ஊசியை நான் மட்டைகளுக்கு நடுவே நுழைத்து "வாங்கு" என்பேன். அவர் வாங்கி, குறுக்குக் கம்பைச் சுற்றித் திருப்பி அனுப்பி "இழு" என்பார். பனையின் வைரத்தில் அவரே செதுக்கிய ஊசி அது.

நெருக்கமாக நட்ட மட்டைக்கு நடுவே முகம் தெரியாது. குரல் மட்டும்தான் வரும். அவர் முக்கியமான பேச்சையெல்லாம் அதற்காகவே சேர்த்து வைத்திருப்பார். மகளுக்கு மதுரையில் மாப்பிள்ளை பார்த்தபோது அவர் வீட்டில் என் எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேலி ஓரத்தில், மட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "மச்சான், பையன் எப்படி? உள்ளதச் சொல்லுங்க."

"அத நேத்தே கேட்டிருக்கலாம்ல, மாப்ள?"

"மொகத்தப் பாத்தா ஒங்களுக்குப் பொய் வந்துரும். மட்டைக்கு அங்கிட்டு நின்னாத்தான் ஒழுங்காப் பேசுவீக."

நல்ல பையன் என்றேன். ஊசி திரும்பி வந்தது. அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது.

அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பை இங்கே குறிப்பிடாவிட்டால் வரலாறு என்னை மன்னிக்காது. ஒரு வருஷம் வேலியைக் கரையான் அரித்தது. மாப்பிள்ளை ஆழ்ந்து யோசித்தார். உப்பளத்திலிருந்து கெட்டியான உப்புத்தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து, மட்டையையும் தேங்காய்நார்க் கயிற்றையும் அதில் ஊறப்போட்டார். "இனி கரையான் நம்ம ஜில்லாவிலயே தங்காது மச்சான்" என்று அறிவித்தார். உண்மைதான். கரையான் வரவில்லை. மாடுகள் வந்தன. உப்பென்றால் உயிரை விடும் செவலை முதலில் ஒரு மட்டையை நக்கினாள். அப்புறம் வம்சமே வரிசையில் நின்று நக்கியது. என் மாடுகள் இந்தப் பக்கத்திலிருந்து நக்கின. கீழக்கரை வரைக்கும் செய்தி பரவி, ஊர்ப்பட்ட மாடெல்லாம் நேர்த்திக்கடன் போல வந்து நக்கிவிட்டுப் போயின. நக்கி முடித்துக் கயிற்றை மென்றதில் வேலி மொத்தமும் படுத்துவிட்டது. டீக்கடைக்காரர் பாலைச் சுவைத்துவிட்டு, "என்னண்ணே, மோருக்கு உப்புப் போட்டே கறந்துட்டீகளா?" என்று கேட்டார். மாப்பிள்ளை சிரிக்காமல் பதில் சொன்னார்: "அதுக்குத் தனி ரேட்டு."

மற்றொரு சாதனை, கதவு. ஒரு புயலில் தொழுவத்தின் கூரைத் தகரமும் வாசல் படலும் பறந்துபோயின. தகரம் இலங்கையில் இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. வாசலை அடைக்க வேறு எதுவும் கிடைக்காததால், மாப்பிள்ளை தன் வீட்டு முன்கதவைக் கழற்றித் தொழுவத்துக்கு மாட்டிவிட்டார். எங்கள் அய்யா பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த வேப்பமரக் கதவு அது. வீட்டு வாசலில் என் தங்கையின் பழைய சேலை தொங்கியது. நான் போய்ச் சத்தம் போட்டேன்.

"என்ன மாப்ள இது, மாட்டுக்குக் கதவு, மனுசிக்குச் சேலையா?"

"கோவப்படாதீக மச்சான். கள்ளன் வந்தா வீட்டுல என்னத்த எடுப்பான்? மாட்டத்தான புடிச்சிட்டுப் போவான்?"

உள்ளேயிருந்து பஞ்சவர்ணம், "என்னையக் கொண்டு போனா?" என்றாள்.

"கொண்டு போனவன் விடியிறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்து விட்ருவான்" என்றார். உள்ளேயிருந்து ஒரு செம்பு பறந்து வந்தது. அந்தக் கதவு இன்றுவரை தொழுவத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு அப்புறம் ஒரு தகரக்கதவு வந்தது.

அவர் காரியம் முடிந்த மறுநாள் மகள் என்னிடம் வந்தாள். "அம்மா தனியா இந்த மாடுகளக் கட்டி மேய்க்க முடியாது மாமா. மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். வெள்ளிக்கெழம மாட்டுத் தரகர வரச்சொல்லியிருக்கேன்." அவள் சொன்னதில் தப்பில்லை. பஞ்சவர்ணம் தொழுவத்துக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவலை போய், கதவு போய், வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டலாகக் கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவளுக்கும் வயதாகிறது.

வியாழக்கிழமை காலையில், விற்கப்போகிற பண்ணைக்கு வேலி எதற்கு என்று எனக்கே தெரியாமல், ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். தனியாகத் தொடாதே என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது முதல் முடிச்சிலேயே புரிந்தது. ஊசியை நுழைப்பேன். வேலிக்கோடி வரை நடந்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஊசியை வாங்குவேன். கம்பைச் சுற்றித் திருப்பி நுழைப்பேன். மறுபடி நடந்து இந்தப் பக்கம் வருவேன். ஒரு தையலுக்கு ஒரு பிரகாரம். எந்தக் கோயிலிலும் நான் இவ்வளவு சுற்றியதில்லை. செவலை வேறு அசைபோட்டுக்கொண்டே என்னைக் கவனித்தாள். அந்தப் பார்வையில் இருந்த இளக்காரத்தை எழுதத் தமிழில் சொல் இல்லை.

இன்னொரு முறை ஊசியை நுழைத்தேன். பழக்கதோஷம், ஆளில்லாத இடத்தைப் பார்த்து "வாங்கு" என்றும் சொல்லிவிட்டேன். கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

கயிறு இழுபட்டது.

"அங்கன என்ன ஊர்வலம் போறீக? கயித்த விட்டாத்தானண்ணே வரும்!" பஞ்சவர்ணத்தின் குரல்.

விட்டேன். ஊசி கம்பைச் சுற்றி, என் வயிற்றில் குத்துகிற மாதிரி திரும்பி வந்தது. "இழுங்க" என்றாள். இழுத்தேன்.

"ஆத்தா, அழுகுறியா?"

"மட்டையப் பாத்துக் கட்டுங்க. அவுக கட்டுனது மாதிரி இறுகணும்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்த தையலுக்கு ஊசி போய்த் திரும்பும்போதுதான் சொன்னாள்: "தரகர வர வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன். மககிட்ட நீங்கதான் பேசணும்."

"என்னன்னு பேச?"

"தொழுவத்துக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கணும், அம்மாவுக்கு வேல கெடக்குன்னு சொல்லுங்க."

முனியசாமி மட்டை சீவிய அரிவாள் அவர் வீட்டுக் கூரையில் செருகியபடி இருக்கிறது. ஊசி இப்போது தங்கையிடம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்து ஆள் இனி அவள்தான், அதுதான் முறை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. "வாங்கு" என்று சொன்ன பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பு வரும்வரை கயிற்றை விடாமல் நிற்கிற பழக்கம்.