நான் கொடுத்த ராக் பட்டியல்

ராக் இசையை எனக்குப் பழக்கியவர் என் அண்ணன். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், அது எதற்கு, கிட்டாரைக் கேள் என்பார். எழுபதுகளில் வந்த ஆல்பங்களைத் தேடித் தேடி கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்.

சிறுநீரகம் கெட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். அங்கேயே பக்கத்தில் ஒரு லேபில் எனக்கு வேலை என்பதால், மதியம் போய் அவர் கட்டிலருகே உட்காருவேன். இயர்போனில் ஒன்று அவர் காதில், மற்றது என் காதில். அதிகம் கேட்டது ஒரு லைவ் ஆல்பம். கூட்டத்தின் இரைச்சலோடு தொடங்கும், ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும். ஒருநாள் டிரம்ஸ் தனியாக வாசிக்கும் இடத்தில் அண்ணன் கண்ணைத் திறந்து, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டயாலிசிஸ் மெஷினைக் காட்டி, "இதைவிட இவன் ஒழுங்கா ஓடறான் பாரு" என்றார். அடுத்த மாதம் அவர் இல்லை.

அவர் போன பிறகு ராக் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. அப்போதுதான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாம் மாடிக்கு அவள் குடிவந்தாள். என் வயதுதான். மாலையில் அம்மா மண்டபம் சாலையில் சேர்ந்து நடப்போம். என் காதில் என்ன ஓடுகிறது என்று ஒருநாள் கேட்டாள். ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தேன். தனக்கு ஒன்றும் தெரியாது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றாள்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் பட்டியல் போட்டேன். புதிதாகக் கேட்பவர்களுக்குப் பத்து ஆல்பம், கேட்டுப் பழகியவர்களுக்குப் பத்து. சத்தத்தில் மிரண்டுவிடாமல் இருக்க, முதலில் கரண்ட் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டாரில் மெதுவாகத் தொடங்குவது. அப்புறம் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோகப் பாட்டான ப்ளூஸ் வாடை அடிப்பது. ஒரே கதையைப் பன்னிரண்டு பாட்டில் சொல்லும் ஆல்பத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் இடையில் நிறுத்தாமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். லைவ் ஆல்பத்துக்கு வந்தபோது அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்திருந்ததையும், அவர் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். வீட்டில்கூட அதை நான் சொன்னதில்லை. அண்ணியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்று மாலை அவள் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து லேபில் கூட வேலை செய்யும் பெண் போனை நீட்டி, "அக்கா, நீங்க கேக்கற மியூசிக்தான் இது" என்றாள். யூடியூபில் என் தோழி. பின்னால் புதுத் திரைச்சீலை. புதியவர்களுக்குப் பத்து, பழகியவர்களுக்குப் பத்து. வரிசைகூட மாறவில்லை. 'ப்ளூஸ் வாடை' என்று நான் சொன்னதையே சொன்னாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சொல்லியிருந்தால் நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பேனே என்று நினைத்தேன்.

லைவ் ஆல்பம் வந்தது. அவள் சற்று நிறுத்தி, கீழே பார்த்து, "எங்க அண்ணன் டயாலிசிஸ்ல இருந்தப்போ" என்று ஆரம்பித்தாள். அவளுக்கு அண்ணன் கிடையாது. வீட்டுக்கு ஒரே பெண். மெஷினைப் பற்றி அண்ணன் சொன்னதை அப்படியே சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே நூற்றுக்கணக்கான பேர் அவளுக்கு ஆறுதல் எழுதியிருந்தார்கள்.

வீடு திரும்பியதும் நேராக இரண்டாம் மாடிக்குப் போனேன். அவள் பதறவில்லை. உட்காரச் சொன்னாள். என் பெயர் வெளியே வருவது எனக்குப் பிடிக்காது என்று நினைத்தாளாம்.

"பட்டியல் போகட்டும். எங்க அண்ணனை ஏன் உன் அண்ணன்னு சொன்னே?"

"அடுத்தவங்க கதைன்னு சொன்னா யாரும் முழுசாப் பாக்க மாட்டாங்கடி. அதுல அவர் பேரு இல்லையே, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மறுவாரம் மண்ணச்சநல்லூரிலிருந்து அண்ணி போன் செய்தார். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறார். "அது அவர் சொன்ன வார்த்தையாச்சே. நீயா குடுத்தே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

அன்றே தோழிக்கு அண்ணி கேட்டதை எழுதி அனுப்பினேன். மறுநாள் வீடியோ இல்லை. "எடுத்துட்டேன். இப்போ திருப்தியா?" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அதற்குப் பிறகு லிஃப்டில் பார்த்தால் இருவருமே போனைப் பார்த்துக்கொள்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி மறுபடி பேசினார். அந்த ஆல்பத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டாராம். தலைவலி வந்துவிட்டதாம். "இருந்தாலும் அவருக்கு இதுல என்ன பிடிச்சுதுன்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா. எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும், சொல்லு" என்றார்.

மெதுவாகத் தொடங்கும் ஆல்பம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல வந்தேன். இவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டேன். அண்ணனோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்தவரிடம் எனக்கு அந்தத் தயக்கம் வந்தது. அப்புறம்தான் சொன்னேன்.